கப்பல் ஏறுமுன் கரையிலே செய்து முடிக்க வேண்டியவை



களுவாஞ்சிக்குடியில் நடந்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்த பின், அறுபது வயது கடந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய தங்கை 1990 இல் பிள்ளைகளோடு மன்னாருக்குப் போய், அங்கிருந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவர். இன்றுவரை தமிழ்நாட்டில் முகாமிலேயே இருக்கிறார். இருவரும் தொலைபேசியில் பேசிக் கொள்கிறார்கள். முகம் பார்த்து முப்பத்தைந்து வருடங்கள் ஆகிவிட்டன. தாய் செத்த வீட்டுக்கும் தங்கையால் வர முடியவில்லை.

"சுவிஸில இரிக்கிற மகன் காசு அனுப்புறனென்டு சொல்றான் புள்ள. காங்கேசன்துறையால கப்பலில போகலாமாம். எனக்குக் கடலக் கண்டாலே நெஞ்சு அடிக்குது. என்னென்ன செய்யோணுமென்டு எழுதித் தாகா" என்று கேட்டார்.

அவருக்கு எழுதிக் கொடுத்ததையே விரித்து இம்மாதப் பகுதியாக இங்கே தருகிறேன். கப்பல் பயணம் என்றதும் உல்லாசப் பயணிகளின் விடயம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். எங்களில் பலர் கடலைக் கடந்தது இரவில், பயத்தில், பெயர் பதியாமல். இப்போது பெயரைப் பதிந்து, பகலில், இருக்கையில் இருந்து போய்வர வழி இருக்கிறது. அந்தப் பயணத்தின் பெரும் பகுதி வேலை கடலில் இல்லை, கரையில்தான் இருக்கிறது. கரையில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவருக்குக் கடலில் செய்வதற்கு அதிகம் இராது.

எந்தக் கப்பல்?

எங்கள் பாட்டிமார் காலத்தில் இந்தியாவுக்குப் போவதென்றால் தலைமன்னார்தான். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த சேவையும் போர் தொடங்கிய 1980 களில் நின்றது. 2011 இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய கப்பல் சில மாதங்களில் நின்று போனது.

2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் சேவை தொடங்கியது. அதுவும் மழைக்காலம் வந்ததும் சில நாட்களில் நின்றது. பின் 2024 ஓகஸ்ட் 16 ஆம் திகதி 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் ஆரம்பித்தது. தூரம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். கடல் நன்றாக இருந்தால் சுமார் நான்கு மணித்தியாலம் எடுக்கும்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கடலில் கப்பல் ஓடுவதும் நிற்பதும் பழக்கமான விடயம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சேவையை நிறுத்தி விடுவார்கள். 2024 நவம்பரில் நின்றது, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. ஆகவே கலியாணத்துக்கு முதல்நாள் போய்ச் சேரலாம் என்று திட்டமிட வேண்டாம். போகவும் வரவும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாட்களைக் கையிருப்பாக வைத்திருங்கள். யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறும் முதல் நாளும், ஏறும் அன்று காலையிலும், கப்பல் போகிறதா என்று பதிவு செய்த இடத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து இரவு முழுவதும் பஸ்ஸில் போய், காங்கேசன்துறையில் கேற் பூட்டியிருக்கக் காண்பது பெரிய ஏமாற்றம்.

முடிந்தால் முதல் நாளே யாழ்ப்பாணம் போய், தெரிந்தவர் வீட்டில் ஒரு இரவு நித்திரை கொண்டு போங்கள். நித்திரை இல்லாத உடம்பில்தான் கடல் முதலில் கை வைக்கும்.

பத்திரங்கள்

முதல் வேலை கடவுச்சீட்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், கலியாணப் பதிவில் இன்னொரு பெயர் என்று எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் பத்திரங்களைப் பறிகொடுத்தவர்கள் பிறகு அவசரத்தில் எடுத்தவை அவை. ஒரு எழுத்துப் பிழையை வீட்டில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. குடிவரவு மேசையில் அது பெரிய கேள்வி ஆகிவிடும். எனவே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவிலும் பேசுங்கள். பிறப்புப் பதிவே கிடையாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. இதற்கெல்லாம் மாதக் கணக்கில் செல்லலாம். அதனால் இதை முடித்து விட்டுத்தான் பயணத் திகதியை யோசிக்க வேண்டும்.

கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கு முன்பு போல எல்லோரும் பத்தரமுல்லைக்கு அலைய வேண்டியதில்லை. 2023 ஜூன் முதல் இணையவழியில் விண்ணப்பித்து, தெரிவு செய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் கொடுக்கும் முறை வந்தது. உங்களுக்குக் கிட்டிய இடம் எது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அது முடியும் திகதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் கேட்பார்கள். கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்று வந்தது. அதைப் பெறுவதால் அவர் இறந்து விட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. உங்களிடம் அது இருந்தால் விண்ணப்பத்தோடு காட்டி, வேறு என்ன தேவை என்று கேளுங்கள்.

அடுத்தது இந்திய விசா. விசா இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இணையத்தில் எடுக்கும் இ-விசாவுக்கு இந்தியாவில் குறிப்பிட்ட சில விமான நிலையங்களும் துறைமுகங்களும்தான் நுழைவு வழி. ஆகவே பணம் கட்டுமுன், இந்த விசாவோடு நாகப்பட்டினத்தில் இறங்கலாமா என்று விசா நிலையத்திலும் கப்பல் அலுவலகத்திலும் கேட்டுத் தெளிவு பெறுங்கள். விமானத்தில் வந்தவருக்குச் சரியான விசா, கப்பலில் வந்தவருக்குச் சரியில்லாமல் போகலாம்.

பயணச்சீட்டில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். எல்லாப் பத்திரங்களிலும் மூன்று போட்டோக்கொப்பி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பயணப் பெட்டியில், ஒன்று கூட வருபவரிடம். மூலப் பத்திரம் எப்போதும் உங்கள் மடியில் அல்லது கழுத்துப் பையில் இருக்க வேண்டும். மழையும் கடல் தண்ணீரும் படாமல் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

காசும் நகையும்

இந்தப் பயணத்துக்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடனின் வலி எங்கள் ஊர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அனுப்பினால் போங்கள், அல்லது சீட்டுப் போட்டுச் சேர்த்துப் போங்கள். கப்பல் அடுத்த வருடமும் ஓடும்.

கணக்குப் போடும்போது கப்பல் காசை மட்டும் பார்க்க வேண்டாம். பஸ், யாழ்ப்பாணத்தில் தங்கும் செலவு, விசா, நாகப்பட்டினத்திலிருந்து முகாம்வரை பஸ் அல்லது ரயில், சாப்பாடு, கப்பல் பிந்தினால் தங்கும் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அதற்கு மேல் ஒரு பங்கு கையிருப்பு வேண்டும். காசை அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்தில் மாற்றிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எல்லாக் காசையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

நகை விடயத்தில் கவனம் தேவை. 2023 டிசம்பரில் சென்னை விமான நிலையத்தில் இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சுங்க அதிகாரிகள் எடுத்து விட்டார்கள். பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. நியாயம் கிடைத்தாலும் வழக்கு அலைச்சல் அலைச்சல்தான். இரவல் நகையைப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். தோடும் ஒரு மெல்லிய சங்கிலியும் போதும்.

பெட்டிக்குள் என்ன?

பொதிக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு. அந்த அளவை இதுவரை பல தடவை மாற்றியிருக்கிறார்கள். பயணச்சீட்டு எடுக்கும்போது கேட்டு, வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்துத் தயிர் முட்டியைக் கொண்டுபோக ஆசைதான். ஆனால் பாலும் தயிரும் பச்சை மரக்கறியும் விதையும் சுங்கத்தில் சிக்கல் தரும். வறுத்து அரைத்த தூள், முந்திரிப் பருப்பு, பலகாரம் போன்றவையே வசதி.

கையில் கொண்டுபோகும் பையில் இவை இருக்கட்டும்: பத்திரங்கள், மருந்து, ஒரு மாற்று உடுப்பு, மாதவிடாய்த் துணி அல்லது பாட், தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், ஒரு துவாய், இரண்டு மூன்று பொலித்தீன் பை, சால்வை. கப்பலின் உள்ளே குளிரூட்டி இருப்பதால் வயதானவர்களுக்குக் கூதல் பிடிக்கும்.

தொலைபேசி இலக்கங்களைத் தாளில் எழுதி வையுங்கள். போனில் சார்ஜ் இறங்கினால் தங்கையின் இலக்கமும் அதோடு போய்விடும். நீங்கள் தங்கப்போகும் இடத்தின் முழு விலாசமும் தேவை. இந்தியக் குடிவரவில் நிரப்பும் படிவத்தில் அதைக் கேட்பார்கள்.

இன்னொருவர் தரும் பொதியைக் கொண்டுபோகவே கூடாது. "ஒரு சின்னப் பார்சல்தானே அம்மா, அக்கரையில ஆள் வந்து எடுக்கும்" என்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பிடிபட்டால் சிறைக்குப் போவது பொதியைத் தந்தவர் அல்ல, நீங்கள்தான்.

உடம்பு

சீனி வருத்தம், பிரசர், நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் போவதற்கு முன் கிளினிக்கில் சொல்லுங்கள். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் மருந்து எடுப்பவர்கள், தங்கப்போகும் நாட்களுக்கும் அதற்கு மேல் ஒரு கிழமைக்கும் போதுமான மருந்து பற்றிக் கேட்கலாம். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய கடிதம் ஒன்றையும் வாங்குங்கள். மருந்தைப் பெரிய பெட்டிக்குள் போட வேண்டாம்.

உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருப்பவர்கள் எங்களில் பலர். உலோகம் கண்டுபிடிக்கும் கருவி அதற்குச் சத்தம் போடும். அந்த இடத்தில் பதறி அழுத பெண்களை நான் அறிவேன். எக்ஸ்ரே படத்தையும் வைத்தியரின் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். சத்தம் போடும் முன்னரே "எனக்கு உடம்பில் துண்டு இருக்கிறது" என்று பெண் அதிகாரியிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செயற்கைக் கால் போட்டவர்களும் ஊன்றுகோல் பிடிப்பவர்களும் பயணச்சீட்டு எடுக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். கப்பலுக்கு ஏறும் பலகை சாய்வாக இருக்கும். கைபிடித்து ஏற்ற ஆள் கேட்பது உங்கள் உரிமை.

கடல் தலைச்சுற்று வருவது ஏன் என்றால், காதின் உட்பகுதி உடம்பு ஆடுகிறது என்று சொல்ல, கண் எதிரே உள்ள சுவர் ஆடவில்லை என்று சொல்கிறது. இரண்டும் முரண்படும்போது மூளை குழம்பி வயிறு புரளும். இதைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் இருங்கள், ஆட்டம் அங்கே குறைவு. போனைப் பார்க்காதீர்கள், தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். முதல் நாள் இரவு எண்ணெய்ச் சாப்பாடும் உறைப்பும் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, இடியப்பமோ கஞ்சியோ அளவாகச் சாப்பிடுங்கள். ஒரு துண்டு இஞ்சியை மெல்லுவது சிலருக்கு உதவும். மாத்திரை வேண்டுமென்றால் சத்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். அது நித்திரை வரச் செய்யும், சில வருத்தக்காரருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆதலால் கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது.

பயம்

அந்தத் தாய் கேட்ட கேள்வியில் எனக்குக் கனமாக இருந்தது இதுதான். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகாத பெண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்கரையில் நீங்கள் இறங்கும் நாகப்பட்டினமும் அதே காலையில் அதே அலையில் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த மாவட்டம். தமிழ்நாட்டில் மிக அதிகமாக இழந்த இடம் அது. அங்கே உங்கள் பயத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

பயத்தை ஒரே நாளில் விழுங்க முடியாது. சிறிது சிறிதாகப் பழகலாம். குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போய் வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் காலுக்குக் கீழே ஆடுவது எங்களுக்குப் புதிதல்ல. போவதற்கு முன் சில மாலைகள் துணையோடு கடற்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்து வாருங்கள். கப்பலில் நெஞ்சு படபடத்தால், காலை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாய்திறந்து சொல்லுங்கள். நித்திரையில் திடுக்கிட்டு எழும்புதல் போன்ற தொல்லை நெடுநாளாக உள்ளவர்கள் வைத்தியசாலை உளநலப் பிரிவில் பேசிவிட்டுப் போவது நல்லது.

ஏறியதும் முதல் வேலை, உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, எப்படிக் கட்டுவது, வெளியேறும் வாசல் எது என்று பார்ப்பது. இது பயந்தவர் செய்யும் வேலை அல்ல, மாலுமிகளும் இதைத்தான் முதலில் செய்வார்கள். வழி தெரிந்த மனம் அடங்கும்.

அக்கரையில்

இறங்கியதும் பேச்சுக்குத் தடையில்லை, அங்கேயும் தமிழ்தான். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோவிலும் நாகப்பட்டினத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. நேர்த்தி வைத்தவர்கள் அதையும் சேர்த்துத் திட்டமிடலாம். ஆனால் மறுவாழ்வு முகாமுக்குள் வெளியார் போவதற்கும் தங்குவதற்கும் அங்கே ஒழுங்குவிதிகள் உண்டு. உங்கள் உறவினர் முகாம் அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். அவர்களுக்கு உங்களால் சங்கடம் வரக் கூடாது. விசா முடியும் திகதிக்கு ஒரு நாள்கூடப் பிந்தாதீர்கள்.

தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அப்படி நடக்காது. முகாமில் உள்ளவர் திரும்புவதற்கு இந்தியாவின் வெளியேறும் அனுமதியும் இலங்கைப் பயணப் பத்திரமும் வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பையும் குடியுரிமையையும் சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாகப் பதிய வேண்டும். 2025 மே மாதத்தில் அப்படித் திரும்பி வந்த முதியவர் ஒருவர், முன்பு அனுமதியின்றி நாட்டை விட்டுப் போனதற்காகப் பலாலியில் கைதானதும், அது பெரிய விவாதமானதும் பலருக்கு நினைவிருக்கும். சட்ட ஆலோசனை பெற்றுத்தான் அந்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.

பெரிய சொகுசுக் கப்பல்கள்

வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோரைப் பெரிய சுற்றுலாக் கப்பல்களில் கூட்டிப்போவதும் இப்போது நடக்கிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த அப்படிப்பட்ட கப்பல் ஒன்று காங்கேசன்துறைக்கும் வந்தது. அதில் போவோர் இன்னும் நான்கைக் கவனிக்க வேண்டும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா தேவையா என்று பாருங்கள். கடலில் வைத்தியச் செலவு மிக அதிகம், காப்புறுதி எடுக்கச் சொல்லுங்கள். பலர் ஒன்றாகச் சாப்பிடும் இடத்தில் வயிற்றோட்டம் விரைவாகப் பரவும், சவர்க்காரம் போட்டுக் கைகழுவாமல் சாப்பிட வேண்டாம். கரையில் இறங்கினால் குறித்த நேரத்துக்கு முன்பே திரும்புங்கள், பிந்தியவருக்காகக் கப்பல் நிற்காது.

தரகர் சொல்லும் கப்பல்

2022 நவம்பரில், கனடா போகலாம் என்று நம்பிக் காசு கொடுத்த 303 இலங்கையர் பழுதான கப்பலில் நடுக்கடலில் தத்தளித்தார்கள். வேறொரு கப்பல் காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. வீடு, காணி, நகை எல்லாம் விற்றுக் கொடுத்த காசு போனது போனதுதான். விசா வேண்டாம், பெயர் வேண்டாம், இரவில் வாருங்கள் என்று சொல்லும் கப்பல் எதுவாக இருந்தாலும் உங்கள் பிள்ளைகளை அதில் ஏற விடாதீர்கள்.

நிறைவாக, அந்தத் தாயின் கதை. அவருக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. அடையாள அட்டையிலிருந்த பெயர்ப் பிழையைத் திருத்தவே ஐந்து மாதம் சென்றது. "கைம்பெண்டில் தனியக் கப்பல் ஏறுறாளாம்" என்று ஊரில் ஒரு பேச்சும் வந்ததாம். "நான் களவாப் போகல்லயே புள்ள, அரசாங்கம் தந்த புத்தகத்தில பேரப் போட்டுத்தானே போறன்" என்று சொல்லிச் சிரித்தார். பெட்டியில் அவர் முதலில் வைத்தது தாயின் செத்த வீட்டுப் படங்கள். அவற்றையும் கொப்பி எடுத்து ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன்.

அவர் போய் வந்ததும் கேட்டு எழுதுகிறேன். உங்களில் யாராவது இந்தக் கப்பலில் போய் வந்திருந்தால், எங்கே சிரமப்பட்டீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்துப் போகும் சகோதரிக்கு அது உதவும்.